சுகுணாவின் சிவப்புப் பூட்டு

சூளகிரி லைன் வீடுகளில் எல்லோருக்கும் கரண்டைக் கண்டால் பயம். கரண்டுக்கு சுகுணாவைக் கண்டால் பயம்.

அவர் வேலை பார்க்கும் கம்பெனியில், மெஷினைப் பிரிப்பவர் முதலில் கரண்டை நிறுத்தி, சுவிட்ச் பெட்டியைப் பூட்டி, சாவியைத் தன் பையில் போட்டுக்கொள்ள வேண்டும். அவரே வந்து திறக்கும்வரை முதலாளி வந்தாலும் கரண்டு கிடையாது. மற்றவர்கள் இந்தப் பழக்கத்தை யூனிபாரத்தோடு கழற்றி வைத்துவிட்டு வந்தார்கள். சுகுணா வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

மகள் வினிதா இரண்டாம் வகுப்பு. சுவிட்சைத் தொடுமுன் உள்ளங்கையைக் காட்ட வேண்டும் என்பது வீட்டுச் சட்டம். குளித்துவிட்டு வந்த அப்பாவையே, "கையக் காட்டுப்பா, ஈரம்!" என்று நிறுத்தினாள். மனிதர் கை காயும்வரை ஃபேன் இல்லாமல் வேர்த்தார்.

ஆறு குடித்தனத்துக்கும் ஒரே தண்ணீர் மோட்டார். சுவிட்ச் பெட்டி வாசலில், மோட்டார் குழி கொல்லையில். குடம் காலியானவர் மோட்டாரைப் போட்டுவிடுவார். குழிக்குள் ஆள் இருப்பது தெரியாது. சுகுணா பெட்டியில் சிவப்புப் பூட்டு ஒன்றை மாட்டினார். மற்ற நேரம் அது சாவியோடு திறந்தே தொங்கும்; குழியில் இறங்குபவர் பூட்டிச் சாவியை எடுத்துப் போக வேண்டும்.

லைனின் சொந்தக்காரர் நாராயணப்பனுக்கு அது மானப் பிரச்சினை. "ஏம்மா, என் ஊட்டுப் பொட்டிக்கு நீ பூட்டா? இது இன்னா பேங்க்கா?"

"பேங்குல பணந்தாங்க போவும்."

ஒரு ஞாயிறு மோட்டார் நின்றது. சுகுணா ஷிப்டில். எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுவதைப் பரம்பரை இழுக்காகக் கருதும் நாராயணப்பன் ஸ்பேனரோடு கிளம்பினார். வாசலில் வினிதா மறித்தாள்.

"தாத்தா, நிறுத்தி பூட்டிட்டுப் போ. சாவி உங்கிட்டயே இருக்கணும்."

"போ கண்ணு, ரெண்டு நிமிசம்."

"எங்கம்மாகிட்டகூட குடுக்கக் கூடாது!"

லைனே சிரித்தது. அந்தச் சிரிப்புக்கு அஞ்சித்தான் அவர் பூட்டினார்; சாவியை அரைஞாண் கயிற்றில் முடிந்துகொண்டார்.

கோயிலுக்குப் போயிருந்த அவர் மனைவி சாந்தம்மா திரும்பி வந்தார். குடம் காலி. பெட்டியை இழுத்தார், வரவில்லை.

"எந்தப் புண்ணியவான் போட்ட பூட்டு இது? ஒடச்சிப் போடுங்க!"

கொல்லையிலிருந்து குரல் வந்தது: "நாந்தாண்டி!"

சாந்தம்மா ஓடிப்போய் எட்டிப் பார்த்தார். கணுக்கால் தண்ணீரில் கணவர். இரண்டு கையிலும் ஒயர். பெட்டியை இழுத்த கையை அந்தம்மாள் முந்தானைக்குள் ஒளித்துக்கொண்டார்.

ஷிப்ட் முடிந்து வந்த சுகுணா, நடந்ததைக் கேட்டதும் மகளைத்தான் பிடித்தார்.

"நீ குழிப் பக்கம் போனியா?"

"இல்லம்மா. வாசல்லயே நின்னேன்."

அப்புறம்தான் சிரித்தார்.

மறுநாள் எலக்ட்ரீஷியனே வந்தார். எப்போதும் கூலியில் பேச்சைத் தொடங்கும் நாராயணப்பன், குழியில் கால் வைத்தவரைத் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"சாவி உங்கிட்ட இருக்குதா?"