வெயிலில் நிறுத்தியது மட்டும் நிஜம்

அன்றைக்கு பஸ் லேட். லேட்டாக வந்த பிள்ளைகளைப் பிரின்சிபால் அம்மா கிரவுண்டில் வெயிலில் நிற்க வைத்தார். ஆறாவது படிக்கும் என் மகள் மயங்கி விழுந்தாள். உதட்டில் தையல் போட்டார்கள்.

பெற்றோர் கூடிப் பேசினோம். பிரின்சிபாலை மாற்றச் சொல்லி கலெக்டருக்கு மனு எழுதப் போனோம்.

"ஒரே குத்தம் எழுதுனா நிக்காதுங்க. மனுன்னா கனமா இருக்கோணும்" என்றார் மனு எழுதித் தருபவர்.

எங்கள் பக்கம் அப்படித்தான். வரப்புத் தகராறுக்கு எழுதினாலும் கொலை மிரட்டல் என்று ஒரு வரி சேர்ப்போம். அதில் பாதிதான் எடுபடும் என்று நினைப்பு. இதிலும் நன்கொடை வாங்குகிறார், நடத்தை சரியில்லை என்று இரண்டு வரி ஏறியது. எல்லோரும் கையெழுத்துப் போட்டோம். விழுந்தது என் பிள்ளை என்பதால் என் பெயர் முதலில். யாரோ அதைப் படம் எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்கள்.

பிரின்சிபாலிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்தது. மன்னிப்புக் கேட்காவிட்டால் மானநஷ்ட வழக்கு. கூட நின்றவர்கள் போனை எடுக்கவில்லை. ஒருவர் தன் கையெழுத்தே இல்லை என்றார். தக்காளி மண்டியில் என்னோடு லோடு ஏற்றுபவன் கேட்டான், "என்னண்ணா, ஜெயில்ல தக்காளிச் சோறு போடுவாங்களாமா?"

வீட்டுக்காரியும் நானும் தர்மபுரியில் ஒரு வக்கீலைப் பார்த்தோம்.

"கண்ணால பாத்தத அதிகாரிக்கு எழுதுனா பயமில்ல. பாக்காதத எழுதி ஊருக்கே அனுப்பிட்டீங்க. அதான் வம்பு. நடத்தைன்னு எழுதுனீங்களே, யாராச்சும் எதையாச்சும் பாத்தீங்களா?"

ஃபீஸைக் கொடுத்துவிட்டு எழுந்தோம்.

திரும்பும்போது பஸ்ஸில் வீட்டுக்காரி சொன்னாள், "அந்தம்மாவுக்கு காலேஜ் போற பொண்ணு இருக்குதுங்க. அந்தப் படம் அது போனுக்கும் போயிருக்குமில்ல."

வீட்டுக்குப் போகவில்லை. பிரின்சிபால் வீட்டு வாசலில் போய் நின்றோம். அவர் கதவைப் பாதிதான் திறந்தார். வீட்டுக்காரிதான் பேசினாள்.

"நடத்தைன்னு எழுதுனது பொய்ங்க. பணத்தப் பத்தி எங்களுக்குத் தெரியாதுங்க. ரெண்டையும் வாபஸ் வாங்கிக்கறோம், மன்னிச்சிருங்க. புள்ளய வெயில்ல நிறுத்துனது நெசம். அத வாபஸ் வாங்க மாட்டோம்."

"அதுக்கும் சேத்து நான் கேஸ் போட்டா?"

"அதுக்குக் கோர்ட்டுக்கு வர்றோங்க."

அவர் கதவைப் பிடித்தபடியே நின்றார். அப்புறம் கேட்டார், "தையல் பிரிச்சாச்சா?"

"பிரிச்சாச்சுங்க."

திங்கள்கிழமை வேறு மனு கொடுக்கப் போனோம். எழுதிக்கொடுத்த பெண், "பிரின்சிபால மாத்தணும்னு போடட்டுமாங்க?" என்றாள். வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். உன் இஷ்டம் என்றேன்.

"புள்ளைங்கள வெயில்ல நிறுத்தக் கூடாதுன்னு போடு சாமி. போதும்."

பழைய மனுவில் பார்க்காததை எழுதிவிட்டோம் என்றும் சேர்க்கச் சொன்னாள். கீழே இரண்டே கையெழுத்து. அவள் எழுத்தெழுத்தாகப் போட்டாள். மற்றவர்களைக் கூப்பிடவில்லை. அவர்களுக்கும் பிள்ளைகள் இருக்கிறார்கள்.

கேஸ் இதுவரை வரவில்லை. பிரின்சிபாலும் மாறவில்லை. போஸ்ட்மேன் தெருவுக்குள் வந்தால் இப்போதும் நான் வாசலுக்குப் போய் நின்றுவிடுவேன்.

போன வாரம் சாப்பிடும்போது மகள் சொன்னாள், "லேட்டா வந்தா வராண்டாவுல நிக்க வெக்கறாங்கப்பா."

"நெழலா?" என்றாள் அவள் அம்மா.

"நெழல்தான்மா."

 மகள் உதட்டுத் தழும்பில் ஒட்டியிருந்த சோற்றை அவள் அம்மா விரலால் எடுத்துவிட்டாள்.