மகதலேனாவின் மீட்டரில் பத்தரை

மகதலேனா கார் லைசென்ஸ் எடுத்தது நாற்பத்தெட்டாவது வயதில். அதற்கு முன்னால் மூன்று முறை, மேட்டில் நிறுத்திக் கிளப்பும் பரீட்சையில், கார் அவரைக் கேட்காமலே பின்னால் உருண்டு போனது. நாலாவது முறை அவர் பிரேக்கை நம்பினாரா, ஜெபத்தை நம்பினாரா என்பது அவருக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம். எப்படியோ பாஸ்.

கணவர் இறந்த பிறகு அவரையும் மகள் வனேசாவையும் ஏற்றி இறக்கியதெல்லாம் அண்ணன் கபிரியேல்தான். கோவில் பூசை, கல்யாணம், கிளினிக், எதற்கும் இல்லை என்று சொன்னதில்லை. தங்கமான மனிதர். ஆனால் ஏற்றிக்கொண்டு போகிறவருக்கு எப்போதுமே ஓர் அவசரம் இருக்கும். விருந்தில் பாயசம் வருவதற்குள் வெளியே ஹார்ன் சத்தம் வந்துவிடும். மகதலேனா சொந்தமாகக் கார் வாங்கியதற்கு ஆயிரம் காரணம் சொல்லலாம். உண்மையான காரணம், பாயசம் குடித்துவிட்டுக் கிளம்ப வேண்டும் என்பதுதான்.

சின்னக் கார். புதுசு. லிட்டருக்கு இருபத்தொரு கிலோமீட்டர் ஓடும் என்று விளம்பரத் தாளில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. தங்கச்சி வாங்கியதைப் பார்த்து கபிரியேலும் அதே மாதம், அதே காரை, அதே நிறத்தில் வாங்கினார். வம்பு அங்கேதான் ஆரம்பித்தது. கபிரியேலின் மீட்டரில் லிட்டருக்குப் பதினெட்டு. மகதலேனாவின் மீட்டரில் பத்தரை. ரொம்ப நல்ல நாளில் பதினொன்று.

"கால்ல கல்ல கட்டி வச்சிருக்கியா லேனா? எக்சலேட்டர மிதிக்காத, தடவு. பிள்ளைய தட்டித் தூங்க வைக்கிற மாதிரி."

"தடவிக்கிட்டுத்தாண்ணே போறேன்."

"தடவினா எப்படி பத்தரை? என் காடி மட்டும் என்ன சாமி வரம் வாங்கி வந்துச்சா? ரெண்டும் ஒரே காடிதானே."

இரண்டும் ஒரே கார். அப்படியென்றால் மிச்சம் இருப்பது ஓட்டுகிற ஆள்தான். மகதலேனாவுக்கே தன் வலது கால்மேல் சந்தேகம் வந்துவிட்டது. செருப்பைக் கழற்றிவிட்டு ஓட்டிப் பார்த்தார். கனம் குறையட்டும் என்று, போன வருஷம் புக்கிட் மெர்தாஜாம் அன்னம்மாள் திருவிழாவில் பிடித்து வந்த புனித நீர் பாட்டில்களைப் பின்பெட்டியிலிருந்து இறக்கினார். இறக்கிய பாவத்துக்கு ஓர் அருள் நிறைந்த மரியே சொன்னார். மீட்டர் அசையவில்லை. பாட்டில்களைத் திரும்ப ஏற்றினார். அப்போதும் அசையவில்லை.

ஒரு திங்கட்கிழமை கபிரியேல் முடிவே கட்டிவிட்டார். "பழைய காடி வாங்குற பூச்சோங் பரமேஸ்வரன் கிட்ட பேசிட்டேன். சனிக்கிழமை வந்து காடிய பாப்பான். கெட்டுப் போறதுக்குள்ள வித்துடு லா. ஏத்திட்டுப் போக நான் இல்லையா?"

அந்தக் கடைசி வாக்கியத்தில் அன்பு இருந்தது. ஹார்ன் சத்தமும் இருந்தது. பத்தரையை வைத்துக்கொண்டு என்னவென்று வாதாடுவது?

அவருடைய வழக்கமான நாள் இப்படி: காலையில் கிள்ளானிலிருந்து தலைநகருக்குப் போகும் நெரிசலான கூட்டரசு நெடுஞ்சாலையில் ஊர்ந்து, வனேசாவை பிரிக்பீல்ட்ஸில் ஒரு வக்கீல் ஆபீஸில் இறக்கிவிட்டு, பங்சாரில் தான் வேலை செய்யும் பல் கிளினிக்குக்குப் போவார். சாயங்காலம் மறுபடி பிரிக்பீல்ட்ஸ் வந்து மகளுக்காகக் காத்திருப்பார். பிரிக்பீல்ட்ஸில் அந்த நேரத்தில் பார்க்கிங் கிடைத்தவர் அதை வீட்டில் போய்ச் சொல்லமாட்டார். சொன்னால் யாரும் நம்பப் போவதில்லை. அதனால் எல்லாரும் செய்வதையே மகதலேனாவும் செய்வார். நிறுத்தியிருக்கும் கார்களுக்குப் பக்கத்திலேயே இரண்டாவது வரிசையாகத் தன் காரையும் ஒட்டி நிறுத்துவார். யாராவது ஹார்ன் அடித்தால் உடனே நகர வேண்டுமே, அதற்காக இன்ஜின் ஓடிக்கொண்டே இருக்கும். ஏர்கோனும் குளிரக் குளிர ஓடும். சில நாள் அரை மணி நேரம்கூட.

அந்தப் புதன்கிழமையும் அப்படித்தான் நின்றார். கால் வலித்தது. வலது காலைத் தூக்கிச் சீட்டின்மேல் மடக்கி வைத்து, இரண்டு கையாலும் அமுக்கிக்கொண்டிருந்தார். கண் சும்மா மீட்டர் பக்கம் போனது. பத்து புள்ளி ஆறு. பார்த்துக்கொண்டிருக்கும்போதே பத்து புள்ளி ஐந்து ஆனது.

மகதலேனா மீட்டரைப் பார்த்தார். காலைப் பார்த்தார். கார் ஓர் அங்குலம் நகரவில்லை. குற்றவாளிக் கால் அவர் கையிலேயே பிடிபட்டுக் கிடக்கிறது. அப்போ பெட்ரோல் எண்ணெயைக் குடித்தது யார்?

வனேசா கதவைத் திறந்து ஏறியதும் ஏறாததுமாக விஷயத்தைச் சொன்னார்.

"மம்மி, இன்ஜின் ஓடினா எண்ணெய் போகும் லா. கிலோமீட்டர் ஏறாது, லிட்டர் மட்டும் ஏறும். அப்புறம் நம்பர் இறங்காம என்ன செய்யும்?" வனேசா கைப்பேசியைத் தட்டினாள். "அந்த இருபத்தொன்னு இருக்கே, அது ரோட்ல ஓட்டி எடுத்ததே இல்ல. ரூமுக்குள்ள ரோலர் மேல ஏத்தி, அவங்க வச்ச வேகத்துல ஓட்டி எடுக்கிறது. ஏர்கோன் கிடையாது. ரோடு ஜேம் கிடையாது. மழை கிடையாது."

"உங்க மாமா?"

"மாமாவும் கிடையாது."

மகதலேனா சிரித்துவிட்டார். அன்று ராத்திரியே அண்ணனுக்குப் போன் போட்டார்.

"அண்ணே, வெள்ளிக்கிழமை ரெண்டு பேரும் லீவு போடுவோம். மீட்டர சைபராக்கிட்டு, என் காடிய நீங்க எடுத்துக்கிட்டு என் ரோட்ல போங்க. உங்க காடிய நான் எடுத்துக்கிட்டு உங்க ரோட்ல போறேன். உங்களுக்கு பதினஞ்சு வந்தாக்கூட போதும், சாவிய நானே பரமேஸ்வரன் கையில கொடுத்துடறேன்."

"பதினஞ்சா? கண்ண மூடிக்கிட்டு எடுப்பேன்."

"கண்ண தொறந்தே ஓட்டுங்கண்ணே. வனேசா உள்ள இருக்கும்."

கபிரியேல் நீலாயில் ஒரு கிடங்குக்கு மேற்பார்வையாளர். விடியும் முன்னால் கிளம்பி, ஆளில்லாத நெடுஞ்சாலையில் ஒரே சீராகப் போகிறவர். வெள்ளிக்கிழமை அந்த நேரத்தில் அந்தச் சாலையில் மகதலேனா போனார். தனியாக. பிரேக்கை மிதிக்க ஒரு காரணமும் இல்லை. வானம் வெளுத்துக்கொண்டு வந்தது. மீட்டர் பதினாறு, பதினேழு என்று தானாக ஏறியது. அதே கால்தான். நீலாய்க் கிடங்கின் வாசலைத் தொட்டுவிட்டு கிள்ளானுக்குத் திரும்பியபோது பதினெட்டரை. அண்ணனைவிட அரை அதிகம். ஆனால் இவ்வளவு நல்ல சாலையிலும் அந்த இருபத்தொன்று வந்து சேரவில்லை. மகதலேனாவுக்கு அதில்தான் பெரிய நிம்மதி. அது யாருக்கும் வராத நம்பர்.

கொஞ்ச நேரத்தில் வனேசாவின் குரல் செய்திகள் வர ஆரம்பித்தன.

"மம்மி, சுபாங்ல நிக்கிறோம். மாமா எக்சலேட்டர தடவுறாரு. பின்னால லோரிக்காரன் ஹார்ன தடவுறான்."

"மம்மி, மாமா ஏர்கோன அடைச்சிட்டாரு. எனக்கு மேக்கப் வழியுது."

"மம்மி, மாமா ஏர்கோன தொறந்துட்டாரு. ஒன்பதுன்னு காட்டுது. மீட்டர துடைச்சுப் பாக்குறாரு."

சாயங்காலம் மகதலேனாவின் கார் வீட்டு வாசலில் வந்து நின்றது. வனேசா இறங்கி உள்ளே ஓடிவிட்டாள். கபிரியேல் இறங்கவில்லை. சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மகதலேனா ஒரு கிளாஸ் தண்ணீரோடு போய், ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தார். மீட்டரில் ஒன்பது புள்ளி எட்டு.

ஒரு வாரத்துக்கு உண்டான கிண்டலை மகதலேனா தயார் செய்து வைத்திருந்தார். அண்ணனின் முகத்தைப் பார்த்ததும் எல்லாவற்றையும் விழுங்கிவிட்டார்.

கபிரியேல் தண்ணீரைக் குடித்து முடித்தார். "இந்த ரோட்லயா தெனமும் போறே?"

"ஆமாண்ணே."

"மழையிலயும்?"

"மழை ஜேம்ல ரேடியோல இன்னும் ரெண்டு பாட்டு கூட கேக்கலாம்."

"பயந்தே போயிட்டேன் லேனா. மோட்டார் சைக்கிள்காரனுங்க ரெண்டு பக்கமும் உரசிக்கிட்டுப் போறானுங்க." காலிக் கிளாஸைத் திருப்பிக் கொடுத்தார். "சுபாங்ல ரோடு சேர்ற இடத்துல எந்த லேன்ல போவே நீ?"

அண்ணன் கார் ஓட்டுவது பற்றித் தன்னிடம் கேள்வி கேட்டது அதுதான் முதல் தடவை. மகதலேனா பதில் சொன்னார். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார்.

மறுநாள் பரமேஸ்வரன் பூச்சோங்கிலிருந்து வந்தே விட்டார். வரவேண்டாம் என்று போன் போட கபிரியேல் மறந்திருந்தார். "காடி ரொம்ப குடிக்குதுன்னு சொன்னியே?" என்று கபிரியேலிடம் கேட்டபடி வந்தவர் டயரை உதைத்துப் பார்த்தார்.

"உதைக்காத லா. விக்கிறதுக்கு இல்ல. என் தங்கச்சி ஓட்டுது."

மகதலேனா இப்போது பிரிக்பீல்ட்ஸில் இரண்டாவது வரிசையில் நிற்பதில்லை. இரண்டு தெரு தள்ளி இடம் பிடித்து, இன்ஜினை அடைத்துவிட்டு, கண்ணாடியை இறக்கிக் காத்திருக்கிறார். வனேசா முணுமுணுத்துக்கொண்டே நடந்து வருகிறாள். மீட்டர் பன்னிரண்டைத் தொட்டிருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு ஞானஸ்நான விருந்து. கபிரியேல் தன் காரை வீட்டிலேயே விட்டுவிட்டு, தங்கச்சியின் காரில் இடது சீட்டில் ஏறி உட்கார்ந்தார். சிக்னல் வந்தபோதெல்லாம் அவர் கால், அங்கே இல்லாத பிரேக்கை மிதித்தது. சோறு முடிந்ததும் எழுந்து கடிகாரத்தைப் பார்த்தார்.

"உக்காருங்கண்ணே," என்றார் மகதலேனா. "பாயசம் வருது."

அவர் உட்கார்ந்தார்.