பஸ்ஸைச் சுற்றி வந்த டிரைவர்

1. ஒரே புளியோதரை, இரண்டு ரிசல்ட்

எங்கள் டெப்போவில் சர்க்கரை நோய் கேம்ப் நடந்த அன்று பெரியகருப்பன் என்னோடு பேச்சை நிறுத்திவிட்டான். அவனுக்கு ரிசல்ட் மோசமாக வந்தது உண்மைதான். ஆனால் கோபம் அதற்கில்லை. எனக்கு ஒழுங்காக வந்துவிட்டதே என்றுதான்.

நான் அரசுப் பேருந்தில் கண்டக்டராக இருந்து போன வருடம் ஓய்வு பெற்றவன். கடைசி சில வருடங்கள் மதுரை - பேரையூர் வண்டி. பெரியகருப்பன் என் டிரைவர். மேலூர்ப் பக்கத்துக்காரன். என்னைவிட மூன்று வயது இளையவன் என்பதால் அவன் என்னை அண்ணே என்பான், நான் அவனை மாப்ள என்பேன். இரண்டு பேருக்கும் சர்க்கரை உண்டு. ஏறக்குறைய ஒரே சமயத்தில் வந்தது. சாப்பாடும் ஒன்றுதான். என் வீட்டில் புளியோதரை கட்டிக்கொடுக்காத நாள் குறைவு. என் மனைவி கட்டித் தரும் டப்பாவில் பாதி அவனுக்குப் போகும். கல்லுப்பட்டி வடையும் பேரையூர் டீயும் இருவருக்கும் பொது.

கேம்புக்கு வந்திருந்த டாக்டரம்மா எங்கள் இரண்டு பேர் ரிசல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்.

"ரெண்டு பேரும் ஒண்ணாவா சாப்பிடுறீங்க?"

"ஆமாம்மா. இவரு கொண்டாந்த சோத்துல பாதி எனக்குத்தான்," என்றான் பெரியகருப்பன்.

"அப்ப இவருக்கு மட்டும் எப்படிக் கட்டுக்குள்ள இருக்கு? இவரு என்ன வேலை பாக்குறாரு?"

"கண்டக்டரும்மா. நான் டிரைவர்."

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். "ஒடம்புக்கு ஒடம்பு நூறு காரணம் இருக்கும். ஆனா ஒண்ணு கண்ணு முன்னால தெரியுது. இவரு நாள் பூரா வண்டிக்குள்ள முன்னயும் பின்னயும் நடக்குறாரு. நீங்க உக்காந்த எடத்துல உக்காந்திருக்கீங்க. சாப்பிட்டதெல்லாம் ரத்தத்துல சீனியா வந்து நிக்கும். அதை எடுத்துச் செலவழிக்கிறது சதைதான். அது அசையாம கெடந்தா மாத்திரை மட்டும் எம்புட்டு இழுக்கும்?"

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. பார்வை அவ்வப்போது மங்குகிறது என்று இவன் உளறி வைத்திருந்தான். "மூணு மாசம் தாரேன். அப்பவும் இப்படியே இருந்தா வண்டி ஓட்ட வேணாம்னுதான் நான் எழுதணும்," என்று சொல்லிவிட்டார்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றோம். அவன் முகத்தைப் பார்க்க எனக்கே கஷ்டமாக இருந்தது. அவன்தான் சொன்னான்: "ஸ்டியரிங்க விட்டு எறக்கிட்டா யார்டுல பழைய டயருக்குக் காவல் இருக்கச் சொல்லுவாங்க. எனக்கு வேற எதுவுமே தெரியாதுண்ணே." பிறகு என்னை ஒரு முறை முறைத்துவிட்டு, "நீங்க நல்லா நடங்க," என்று போய்விட்டான். அதற்குப் பிறகுதான் அந்த மௌனம்.

2. டிரைவர் இறங்கினால் வண்டி போகாது

இளைய தலைமுறைக்கு ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் காலத்து டிரைவர்களுக்குத் தரையில் கால் வைப்பது கௌரவக் குறைச்சல். கடைசி ஸ்டாப்பில் ஹால்ட் வந்தால் வண்டியை நிறுத்திவிட்டு, பின்னால் இருக்கும் மூன்று பேர் சீட்டில் காலை நீட்டி, துண்டால் கண்ணை மூடிக்கொள்வார்கள். டீக்கடைக்காரர் டம்ளரை ஜன்னல் வழியாக நீட்டுவார். அந்த டீக்கு டிரைவர் டீ என்று பெயர். காசு கிடையாது. மரியாதைக்காக ஒரு கரண்டி சீனி கூடுதலாக விழும். அந்தச் சீனியை வேண்டாம் என்று சொன்னால் கடைக்காரருக்கு மனசு வருத்தப்படும்.

நாலைந்து நாளில் அவன் கோபம் ஆறி, எங்களுக்குள் பேச்சு மறுபடி தொடங்கியதும் நான் சொன்னேன். "மாப்ள, ஹால்ட்ல படுக்காத. எறங்கி நட. சாப்பிட்டதும் நடந்தா ரொம்ப நல்லதுன்னு டாக்டரம்மாவே சொல்லிருக்கு."

மறுநாள் பேரையூரில் இறங்கினான். டீ குடிக்காமல், யாரிடமும் ஒன்றும் சொல்லாமல், ஸ்டாண்டைத் தாண்டி ரோட்டில் இறங்கி வேகமாக நடந்தான். வண்டிக்குள் ஏறி உட்கார்ந்திருந்தவர்கள் எல்லோரும் அவன் முதுகைப் பார்த்தார்கள்.

"டிரைவர் வீட்டுக்குப் போறாரு போல. வண்டி இப்ப எடுக்க மாட்டாக," என்று ஒருவர் எழுந்தார். அவ்வளவுதான். பின்னால் பிரைவேட் வண்டி இன்ஜினை உறும விட்டுக்கொண்டு நின்றது. மொத்தக் கூட்டமும் அதில் ஏறிவிட்டது. இவன் வியர்க்க வியர்க்கத் திரும்பி வந்தபோது வண்டிக்குள் நானும் ஒரு கோழிக்கூடையும்தான். கோழிக்காரர் டீக்கடையில் இருந்தார்.

"என்னய்யா வெறும் வண்டியக் கொண்டாந்திருக்கீங்க?" என்று மதுரை ஸ்டாண்டு டைம்கீப்பர் கேட்டார். டிரைவர் உடம்பைக் குறைக்கிறார் என்றா சொல்வது?

அடுத்த நாள் துண்டை ஸ்டியரிங்கில் போட்டுவிட்டுப் போனான். துண்டு இருந்தால் ஆள் வருவார் என்று அர்த்தம். பேரையூர் ஜனம் அதை நம்பவில்லை.

கடைசியில் வழியைக் கண்டுபிடித்தவன் அவனேதான். "ஆளு கண்ணுல பட்டாத்தான வண்டில உக்காருவாக? நான் வண்டியவே சுத்துறேன்," என்றான். சுற்றினான். முன்பக்கம் பம்பர், இடது பக்கம் படி, பின்பக்கம் ஏணி, மறுபடி முன்பக்கம். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அவன் தலை நொடிக்கொரு தரம் வந்து போய்க்கொண்டிருந்தது.

"என்னண்ணே, டயர்ல காத்து எறங்கிருச்சா?"

"இல்லப்பா."

"பின்ன எதுக்கு இந்தச் சுத்து?"

"எனக்குச் சுகர்ப்பா."

இதை அவ்வளவு சத்தமாகச் சொல்வான் என்று நான் எதிர்பார்க்கவில்லை. ஊருக்கே தெரியும்படி சொன்ன பிறகு அவனுக்கு வெட்கம் விட்டுப்போனது.

3. பேச்சியம்மா சேர்ந்தது

பேச்சியம்மா எங்கள் வண்டியில் தினமும் வருகிறவர். மதுரையில் கீரையை விற்றுவிட்டுக் காலியான கூடையோடு பேரையூருக்கு வருவார். ஒருநாள் இறங்கியவர் வீட்டுக்குப் போகாமல் நின்று இவன் சுற்றுவதைப் பார்த்தார்.

"டிரைவர் தம்பி, இப்படிச் சுத்துனா கொறையுதா?"

"தெரியலைக்கா. மூணு மாசம் கழிச்சுத்தான் தெரியும்."

"எனக்கும் இருக்கு. கீரைய வச்சிக்கிட்டு நாள் பூரா சம்மணம் போட்டு உக்காந்தே கெடக்கேன்." கூடையைப் படியில் வைத்துவிட்டு அவரும் சுற்ற ஆரம்பித்தார்.

பிறகு ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர். பிறகு அந்த டீக்கடைக்காரரே. சில நாள்களில் கோயில் பிராகாரத்தில் நடப்பதுபோல என் வண்டியைச் சுற்றி வரிசையாக ஆள் நடந்தது. "சூடம் ஏத்தவா மாப்ள?" என்று நான் கேலி செய்தேன். அவன் சிரித்தான். கேம்புக்குப் பிறகு அவன் சிரித்து அன்றுதான் பார்த்தேன். மனசுக்கு அவ்வளவு நிம்மதியாக இருந்தது. டிரைவர் டீயில் சீனி தானாகவே காணாமல் போனது.

4. ஹாரன் அடிக்காத விலக்கு

டாக்டரம்மா கொடுத்த கெடு முடிய இரண்டு நாள் இருந்தது. திருமங்கலம் தாண்டிப் போய்க்கொண்டிருந்தோம். கல்லுப்பட்டிக்கு முன்னால் ஓர் அய்யனார் கோயிலுக்குப் பாதை பிரிகிற விலக்கு வரும். பெரியகருப்பன் அங்கே சாமிக்கு ரெண்டு ஹாரன் அடிக்காமல் போனதே இல்லை. நான் டிக்கெட் போட்டுக்கொண்டே அதைக் காதில் வாங்கிக்கொள்வேன். அன்று விலக்கு போனது. ஹாரன் வரவில்லை.

அவனுக்கு ஏதோ ஆகிவிட்டது என்று புரிந்தது. ஒற்றை விசில் ஊதினேன். எங்கள் தொழிலில் ஒரு விசில் என்றால் நிறுத்து. அவன் மெதுவாக இடது பக்கம் மண்ணில் இறக்கி நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கும் போட்டுவிட்டான். அதுவரை அவன் கை தவறவில்லை. ஓடிப்போய்ப் பார்த்தால் சட்டை தொப்பலாக நனைந்திருக்கிறது. விரல்கள் நடுங்குகின்றன.

"என்ன மாப்ள?"

"ஒரு மாதிரியா இருக்குண்ணே. கண்ணு கட்டுது."

"சாப்டியா?"

"இல்ல. நாளன்னைக்கு ரத்தம் எடுக்கணும்ல. மாத்திரைய மட்டும் போட்டுட்டு டெப்போவுக்கு நடந்தே வந்தேன்."

பரீட்சைக்கு முதல் நாள் படிக்கிற பையன் புத்தி. எங்கள் ஆள்களில் பாதிப் பேர் இதைத்தான் செய்வார்கள். மாதமெல்லாம் விட்டுவிட்டு, ரத்தம் கொடுப்பதற்கு முன் பட்டினி கிடப்பார்கள். இவன் நடந்தும் வந்தான், பட்டினியும் கிடந்தான்.

அன்று ஏதோ வேலையாகச் சீக்கிரமே ஊர் திரும்பிக்கொண்டிருந்த பேச்சியம்மா எங்களை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார். முந்தியில் முடிந்திருந்த காகிதப் பொட்டலத்தைப் பிரித்தார். உள்ளே சீனி.

"இது சுகர் எறங்குறது. வாயத் தெறங்க தம்பி. நமக்குச் சீனி ஆகாதுன்னாலும் இந்த நேரத்துக்கு அதான் மருந்து. எனக்கு ஒருக்கா இப்படி ஆயிருச்சு. அதுலருந்து இது இல்லாம வெளிய வாரதில்ல."

கொஞ்ச நேரத்தில் நடுக்கம் அடங்கியது. என் டப்பாவைத் திறந்து புளியோதரையைக் கொடுத்தேன். சாப்பிட்டான். பயணிகள் நல்ல மாதிரி. "வெளிய யாருக்கும் தெரிய வேணாம், மெதுவா எடுங்கண்ணே," என்றார் ஒருவர். பெரியகருப்பன் சாவியை எடுத்து என் கையில் வைத்தான்.

"இம்புட்டுப் பேர வச்சிக்கிட்டு இனிமே இன்னைக்கு நான் ஓட்டக் கூடாது. டெப்போவுக்கு நீங்க சொல்ல வேணாம்ணே. நானே சொல்லிக்கிறேன்."

எல்லோரையும் பின்னால் வந்த வண்டியில் ஏற்றிவிட்டோம். அந்த ரோட்டோரத்தில் நாங்கள் இரண்டு பேரும் மாற்று டிரைவருக்காகக் காத்திருந்தோம். ஸ்டியரிங் போய்விட்டது என்றுதான் இருவரும் நினைத்தோம். அவன் அழுதான். நானும் என் கண்ணீரை மறைக்கவில்லை.

5. யார்டு

கிளை மேலாளர் கத்தித் தீர்த்தார். "ஏன்யா, வண்டி பூரா ஆளு இருக்குன்னு நெனப்பு வேணாமா?" என்றார். பிறகு தணிந்து, "நீயா வந்து சொன்ன. அதுனால மேல எழுதல. ஆனா டாக்டரு சொல்ற வரைக்கும் வண்டியத் தொடாத," என்றார். அவன் பயந்தபடியே யார்டு டூட்டி கிடைத்தது.

டாக்டரம்மாவும் முதலில் திட்டினார். "மூணு மாச சராசரிய ரெண்டு நாள் பட்டினி போட்டு ஏமாத்த முடியுமா? அதுலயும் வெறும் வயித்துல மாத்திரையப் போட்டுட்டு நடந்திருக்கீங்க." பிறகு ரிசல்ட்டைப் புரட்டினார். நிமிர்ந்து அவனைப் பார்த்தார்.

"என்ன செஞ்சீங்க இந்த மூணு மாசமா?"

"பஸ்ஸச் சுத்துனேன்மா."

அவருக்குப் புரியவில்லை. நான் விளக்கினேன். அவர் வாய்விட்டுச் சிரித்தார். "நல்லா எறங்கியிருக்கு. ஒடம்பு அசைய அசைய அதுவே பாதி வேலையப் பாத்துக்கிருது. முன்னப் போட்ட மாத்திரை இப்ப உங்களுக்கு ஓவரு. அதான் பட்டினியோட சேந்து ஆளக் கவுத்திருச்சு. கொறைச்சு எழுதுறேன். நீங்களா எதையும் கூட்டவோ கொறைக்கவோ கூடாது. சாப்பிட்டுட்டு நடங்க. நடக்குறத மட்டும் விட்றாதீங்க. கொஞ்ச நாள் பாத்துட்டு வண்டிக்கு எழுதித் தாரேன்."

யார்டில் இருந்த அந்தக் கொஞ்ச நாளும் சர்வீசுக்கு வந்த ஒவ்வொரு பஸ்ஸையும் அவன் சுற்றினான். மெக்கானிக்குகளுக்கு அவனைக் கண்டாலே சிரிப்பு. ஆனால் இரண்டு மெக்கானிக்குகள் சேர்ந்து நடந்தார்கள்.

அவன் திரும்ப ஸ்டியரிங்கைப் பிடித்த நாளில் நான் டிக்கெட் போடுவதை நிறுத்திவிட்டுக் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். அய்யனார் விலக்கு வந்தது. ரெண்டு ஹாரன் அடிக்க வேண்டியவன் விலக்கு முடியும்வரை அடித்துக்கொண்டே போனான்.

6. என் முறை

இதோடு முடித்திருந்தால் எனக்கு நல்லது. ஆனால் ஓய்வு பெற்ற பிறகு நடந்ததையும் சொல்லத்தான் வேண்டும். வீட்டில் டிவி, சாய்வு நாற்காலி, வேளைக்கு வேளை புளியோதரை. உட்கார்ந்தே கிடக்காதீர்கள் என்று மனைவி திட்டிக்கொண்டே இருந்தாள். எனக்கென்ன, எப்போதும் கட்டுக்குள் இருக்கிற உடம்பு என்று நினைத்திருந்தேன். அடுத்த டெஸ்ட்டில் என் ரிசல்ட் பெரியகருப்பனின் பழைய ரிசல்ட் மாதிரி வந்து நின்றது.

இத்தனை வருடம் என் உடம்பு நல்ல உடம்பு என்று நம்பியிருந்தேன். நல்லதாக இருந்தது என் வேலைதான். அது என்னைக் கேட்காமலேயே நடக்க வைத்திருந்தது. இனி நானாகத்தான் எழுந்து நடக்க வேண்டும். உட்கார்ந்து பார்க்கிற வேலையில் இருக்கும் இளைஞர்களுக்கு நான் சொல்ல நினைப்பதும் இதுதான். வேலை உங்களை நடத்தவில்லை என்றால், நடப்பதையும் ஒரு டூட்டியாகப் போட்டுக்கொள்ளுங்கள்.

மறுநாள் மதியம் சாப்பிட்டுவிட்டு, சட்டைப்பையில் ஒரு சீனிப் பொட்டலத்தோடு பழைய வண்டியில் டிக்கெட் எடுத்து உட்கார்ந்தேன். பேரையூரில் வண்டி நின்றது. பெரியகருப்பன் இறங்கி, வெளியிலிருந்து என் ஜன்னலைத் தட்டினான். அவன் முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு.

"என்னண்ணே, உக்காந்தே இருக்கீங்க? எறங்குங்க. வண்டி எடுக்க இன்னும் நேரம் கெடக்கு."

இறங்கினேன். அதற்குள் வண்டியைச் சுற்றத் தொடங்கியிருந்த பேச்சியம்மா எனக்கு இடம்விட்டு முன்னால் நடந்தார்.