மாலத்தீவில் அவர் கரையிலேயே நின்ற நாள்

ஈர ரப்பர் வாசனை... அதோடு கொஞ்சம் உப்பு.

ஏழு வருடம் ஆகிறது. மாலத்தீவு என்று யாராவது சொன்னால் எனக்கு நீலக் கடல் ஞாபகம் வருவதில்லை. டைவிங் கொட்டகையில் வரிசையாகத் தொங்கிய கறுப்பு உடைகளின் அந்த வாசனைதான் முதலில் வருகிறது.

எங்களுக்குத் திருச்செங்கோடு. வீட்டுக்காரருக்குப் போர்வெல் போடும் ரிக் வண்டித் தொழில். வருடத்தில் எட்டு ஒன்பது மாதம் வண்டியோடு மகாராஷ்டிரா, மத்தியப் பிரதேசம் என்று போய்விடுவார். அந்த வருடம் ஸ்பேர் பார்ட்ஸ் கம்பெனி ஒன்று அவருக்குக் குடும்பத்தோடு நான்கு நாள் டூர் கொடுத்தது. காலாண்டு லீவு. பெரியவன் ப்ளஸ் ஒன், சின்னவள் ஏழாவது.

ரிசார்ட்டில் கையில் ஒரு பட்டை கட்டிவிட்டார்கள். அதைக் காட்டினால் எதையும், எப்போது வேண்டுமானாலும் சாப்பிடலாம். பிள்ளைகள் காலைப் பத்து மணிக்கே ஐஸ்க்ரீம் தின்றார்கள். அவர் மட்டும் பழமும் தயிருமாக எடுத்துக்கொண்டார். பொரித்த மீன் பக்கமே போகவில்லை. புது இடம், கூச்சப்படுகிறார் என்று நினைத்துக்கொண்டேன்.

எனக்கு அதெல்லாம் பெரிதாகப் படவே இல்லை. மூன்று வேளையும் நான்கு பேரும் ஒரே மேஜையில் உட்கார்ந்து சாப்பிட்டோம்... அதற்கு முன் அப்படி எப்போது சாப்பிட்டோம் என்று யோசித்துப் பார்த்தேன். ஞாபகம் வரவில்லை.

இரண்டாம் நாள் கடலுக்கடியில் ஸ்கூபா டைவிங். அவரும் பிள்ளைகளும் இறங்குவது, நான் கரையில் பைகளைப் பார்த்துக்கொள்வது என்று ஏற்பாடு. இறங்கும் முன் உடம்பைப் பற்றி ஒரு ஃபார்ம் எழுதித் தர வேண்டும். எல்லாருக்கும் பெரியவன்தான் எழுதினான்.

“ஏனுங்கப்பா, ஹார்ட் ப்ராப்ளம், ஆபரேஷன் ஏதாச்சும் உண்டான்னு கேக்கறாங்க. நோ தானுங்களே?”

அவர் கடலையே பார்த்துக்கொண்டு நின்றார்.

“எஸ் போட்று சாமி.”

“சும்மா வெளையாடாதீங்கப்பா” என்று சின்னவள் சிரித்தாள்.

“நெசமாத்தான். ரெண்டு வருசம் ஆச்சு. நாக்பூர்ல ஸ்டென்ட் வெச்சாங்க.”

பெரியவன் என்னைத் திரும்பிப் பார்த்தான்.

அந்த மாதம் எனக்கு நன்றாக நினைவிருந்தது. காட்டுக்குள் வண்டி நிற்கிறது, சிக்னல் கிடைக்காது என்று சொல்லி ஐந்து நாள் போன் இல்லை. ஆறாம் நாள் கூப்பிட்டார். என் தம்பி வீட்டுப் புதுமனை புகுவிழாவுக்கு வரவில்லை என்ற கோபத்தில் இருந்தேன். “உங்களுக்கு வண்டி போதும், நாங்க எதுக்குங்க?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். ஆஸ்பத்திரிக் கட்டிலிலிருந்துதான் பேசியிருக்கிறார்.

டைவிங் சொல்லித் தருபவர் ராமேஸ்வரம் பக்கத்து ஆள். “டாக்டர் லெட்டர் இல்லாம உங்கள இறக்க முடியாதுண்ணே” என்றார், தணிந்த குரலில்.

அவர் என் பக்கம் திரும்பினார். “நீ போ அம்மிணி. புள்ளைங்க கூட நம்மள்ல ஒருத்தராச்சும் இருக்கோணும்.”

அங்கேயே சண்டை போட்டிருப்பேன். பிள்ளைகள் முகத்தைப் பார்த்தேன்... பேசாமல் அந்த உடைக்குள் காலை விட்டேன்.

தண்ணீருக்குள் ஒரு சத்தமும் இல்லை. என் மூச்சு மட்டும் என் காதில் கேட்டது. பிள்ளைகள் முன்னால் கையைப் பிடித்துக்கொண்டு போனார்கள். மஞ்சள் மீன்கள் கூட்டமாகப் போனதாகப் பிறகு சொன்னார்கள். நான் பார்க்கவில்லை. என் கண்ணாடிக்குள் தண்ணீர். உள்ளே கடல் நுழைந்துவிட்டது என்று நினைத்து, மூக்கால் ஊதி வெளியேற்றச் சொல்லி அந்த ராமேஸ்வரத்துக்காரர் சைகை காட்டினார். ஊதினேன். மறுபடி நிறைந்தது. அது கடல் தண்ணீர் இல்லை என்று எப்படிச் சொல்வது? வாய் நிறைய ரப்பர்.

மேலே வந்தபோது என் வீட்டுக்காரர் முழங்கால் தண்ணீரில், பேண்டைச் சுருட்டிவிட்டுக்கொண்டு துண்டோடு நின்றார். பிள்ளைகள் உடை மாற்றப் போனதும் மணலில் உட்கார்ந்தோம்.

“எங்கிட்ட ஏனுங்க சொல்லல?”

“சொன்னா கெளம்பி வந்துருவ. பாஷை தெரியாம ரெண்டு புள்ளைங்கள வெச்சுட்டு அங்க என்ன பண்ணுவ?”

“இப்ப மட்டும் எதுக்குச் சொன்னீங்க?”

“தண்ணிக்குள்ள போயி எனக்கு ஏதாச்சும் ஆச்சுனா, புள்ளைங்கதான அதக் கண்ணால பாக்கோணும்.”

துண்டால் தலையைத் துவட்டிக்கொண்டே கேட்டேன்.

“பக்கத்துல யாரு இருந்தாங்க?”

“நம்ம வண்டி டிரில்லர் ஒரு நாள் இருந்தான். அப்பறம் வண்டி ஓட்டோணும்ல... நாந்தான் போகச் சொல்லிட்டேன்.”

“ஆபரேஷனுக்குக் கையெழுத்து?”

“நானேதான் போட்டேன்.”



இப்போது பெரியவன் பெங்களூரில். சின்னவள் சென்னை ஹாஸ்டலில். அவர் இன்னும் வண்டியோடுதான். தினமும் காலையில் வீடியோ காலில் மாத்திரையை வாயில் போட்டுக் காட்டுகிறார். எனக்கு ஒரு டம்ளர் அரிசி வைத்தால் இரண்டு வேளைக்கு வருகிறது.

போன மாதம் எனக்கு மார்பில் ஒரு கட்டி. பஸ் ஏறி, பள்ளிபாளையம் பாலம் தாண்டி ஈரோட்டுக்கு நானே போனேன். ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் எடுத்து டெஸ்ட்டுக்கு அனுப்பினார்கள். வராண்டாவில் உட்கார்ந்திருக்கும்போது அவரிடமிருந்து போன்.

“எங்க இருக்க?”

“சந்தையிலங்க.”

யோசிக்கவே இல்லை. தானாக வந்துவிட்டது. சொன்னால் போட்டது போட்டபடி கிளம்பி வந்துவிடுவார்... எதற்கு?

முந்தாநாள் ரிப்போர்ட் வந்தது. வெறும் கொழுப்புக் கட்டி, பயம் இல்லை என்றார்கள். அந்தக் காகிதத்தோடு வீட்டுக்கு வந்து, ஒவ்வோர் அறையாக விளக்கைப் போட்டேன். நல்ல சேதிதான். சொல்லத்தான் ஆள் இல்லை.

அவரைக் கூப்பிட்டேன். சந்தை என்று சொன்னதிலிருந்து எல்லாவற்றையும் சொன்னேன். பின்னால் ரிக் சத்தம் கேட்டது. அவர் வண்டியை விட்டுத் தள்ளி நடந்து போகிறார் போல, சத்தம் மெல்லக் குறைந்தது.

“வரட்டுமா?” என்றார்.

கல்யாணமான நாளிலிருந்து அவர் இதை எத்தனையோ தரம் கேட்டிருக்கிறார். ஒவ்வொரு தரமும் ‘வேண்டாமுங்க, வேலையப் பாருங்க’ என்றுதான் சொல்லியிருக்கிறேன்.

“வாங்க” என்றேன்.