தனபால் எம்.

மைதிலி படித்ததெல்லாம் முட்டை ஓட்டைப் பற்றி. சிரிக்க வேண்டாம், நாமக்கல் சுற்றுவட்டாரத்தில் பாதிப் பேர் சோறு தின்பது அந்த ஓட்டை நம்பித்தான். வெண்ணந்தூர்ப் பக்கம் அவள் அப்பா தங்கசாமி கோழிப்பண்ணை வைத்திருந்தார். சித்திரை வெயிலில் ஓடு மெலிந்து, லாரி ஏறுவதற்குள் முட்டை விரிசல் விடும். கோழி குடிக்கிற தண்ணீரைக் குளிர வைத்தால் ஓடு எவ்வளவு தேறும் என்று, ஈயும் நாற்றமும் மொய்க்க அங்கேயே நின்று அளந்து பார்த்தவள் அவள். புதுச்சத்திரம் அருகே ஒரு தனியார் கல்லூரியில் விலங்கியல் சொல்லிக் கொடுத்துக்கொண்டே ஏழு கட்டுரை எழுதிவிட்டாள்.

ஒரு காலத்தில் ஆய்விதழ்கள் தபாலில் வந்து நூலகத்தில் தூசி தின்னும். யார் எதைப் படித்தார் என்று ஒருவருக்கும் தெரியாது. இப்போது எல்லாம் இணையம். இன்றைக்கு வெளியான கட்டுரையை நாளைக்கே பிரேசிலில் ஒருவர் படிக்கிறார். படித்தவர் தன் கட்டுரையில் அதை மேற்கோள் காட்டினால், அதை ஒரு தளம் தானாக எண்ணிக்கொள்கிறது. கல்லூரிக்காரர்கள் அந்த எண்ணைப் பார்த்துப் பதவி கொடுக்கிறார்கள். கட்டுரையை எவன் படிக்கிறான்?

கட்டுரை அனுப்பும்போது இதழின் தளம் குடும்பப் பெயர் கேட்கும். நமக்கேது குடும்பப் பெயர்? கல்யாணமான பெண்கள் இனிஷியலை மாற்றிக்கொள்வது போல, அந்தக் கட்டத்தில் புருஷன் பெயரைப் போடுவது அந்தக் கல்லூரியில் வழக்கம். மைதிலியும் தனபால் என்று போட்டாள். மேற்கோள் காட்டுகிறவர்கள் குடும்பப் பெயரை முழுதாக எழுதிவிட்டு, சொந்தப் பெயரை ஓரெழுத்தாக நறுக்கிவிடுவார்கள். ஆக, அவள் உழைப்பு முழுக்க ஊர் உலகத்தில் ‘தனபால் எம்.’ எழுதியதாகவே பரவியது.

அவள் புருஷன் தனபாலும் அதே துறையில் உதவிப் பேராசிரியர். அப்பா பெயர் மாரப்பன் என்பதால் அவனும் ‘தனபால் எம்.’தான். எழுதியது மட்டும் எதுவும் கிடையாது.

துறைத்தலைவர் ஓய்வு பெற்றார். யாருக்கு மேற்கோள் அதிகமோ அவருக்கே அந்த நாற்காலி, எல்லாரும் அந்தத் தளத்தில் ஆளுக்கொரு பக்கம் தொடங்குங்கள் என்று தாளாளர் சொல்லிவிட்டார். மைதிலிக்கு மனசு துள்ளியது. அவளை விட்டால் அங்கே யார் இருக்கிறார்கள்?

“ஏம்புள்ள, எனக்கும் ஒண்ணு ஆரம்பிச்சுக் குடு,” என்றான் தனபால். புருஷனுக்கு முதலில் செய்துவிட்டு அப்புறம் தனக்குச் செய்யலாம் என்று உட்கார்ந்தாள். பாவி மகள், அதுதான் அவள் செய்த தப்பு. பெயரைக் கொடுத்ததுமே தளம் ஏழு கட்டுரையையும் வரிசையாகக் காட்டி, இவை உங்களுடையவையா என்று கேட்டது.

“ஏனுங்க மாமா, இங்க பாருங்க. என்னோடதைக் காட்டி உங்களோடதான்னு கேக்குது!”

இருவரும் சிரித்தார்கள். குக்கர் விசிலடித்தது. அடுப்பை அணைத்துவிட்டு வந்து பார்த்தால் ஏழும் அவன் பக்கத்தில் ஏறி உட்கார்ந்திருந்தன.

“என்னங்க பண்ணுனீங்க?”

“கேட்டுது. ஆமான்னேன்.”

“எடுத்துருங்க மாமா. உங்க பக்கத்துல ஏறிட்டா, என்னோடதுன்னு நான் கேக்க முடியாது.”

“எடுக்கலாம் இரு. இப்ப என்ன அவசரம்?”

எல்லாவற்றுக்கும் அவளைக் கூப்பிடுகிற மனுஷனுக்குக் கடவுச்சொல்லை மாற்ற மட்டும் யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை.

நேர்காணலுக்கு ஏழு கட்டுரையையும் அச்செடுத்துக் கொண்டுபோனாள். தாளாளர் போர்வெல் ரிக் ஓட்டிக் காசு பார்த்தவர், விவரமான ஆள். முதல் தாளில் ‘மைதிலி தனபால்’ என்று முழுப்பெயரைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார்.

“நீதான் எழுதியிருக்கேன்னு தெரியுதும்மா. ஆனா எண்ணிக்கை அவரு பக்கத்துலல்ல நிக்குது? காலேஜை ஆய்வு பண்ண வாரவங்க அதைத்தான் பாப்பாங்க. ஒரே ஊடு. யாரு உக்காந்தா என்ன?”

அவர் தெரியாமல் செய்திருந்தால்கூட அவள் மனசு ஆறியிருக்கும். அந்த வாரமே தனபால் துறைத்தலைவர் ஆனான்.

அப்பாவிடம் போனில் அழுதாள். எந்தப் பண்ணையில் நின்று அளந்தாளோ அதே பண்ணையிலிருந்து தங்கசாமி சொன்னார்: “கம்முனு இரு சாமி. மாப்பிள்ளை பேரு வெளங்குனா உனக்குத்தானே பெருமை?”

கடைசியாக அந்தத் தளத்துக்கே எழுதினாள். உங்கள் கோரிக்கையைப் பக்கத்தின் உரிமையாளருக்கு அனுப்பியிருக்கிறோம் என்று பணிவாகப் பதில் வந்தது. உரிமையாளர் சாயங்காலம் வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அவள் கன்னத்தில் அறைந்தார். “ஊட்டு விசயத்தை வெள்ளைக்காரன்கிட்ட எழுதுறியா நீ?”

அதற்கப்புறம் அவள் யாருக்கும் எழுதவில்லை.

பங்குனியில், துறையிலுள்ள ஒவ்வொருவரைப் பற்றியும் தலைவர் மதிப்பீடு எழுதிக் கொடுக்க வேண்டும். தனபால் கணினியில் ஒற்றை விரலால் தட்டினால் விடிந்துவிடும். கட்டிலில் சாய்ந்துகொண்டு அவன் சொல்லச் சொல்ல மைதிலி தட்டினாள். மோகனப்பிரியா, ஒரு கட்டுரை, நல்ல முயற்சி. நவீன்குமார், இரண்டு கட்டுரை, பாராட்டத்தக்கது.

அடுத்து அவள் பெயர். கை நின்றது. “எனக்கு என்னங்க போடுறது?”

“உம்பேருல எத்தனை காட்டுது?”

“ஒண்ணும் காட்டலீங்க.”

“அப்ப இல்லைன்னு போடு.” கொஞ்சம் யோசித்தான். “அடுத்த வருசமாச்சும் முயற்சி எடுக்கணும்னு சேத்துக்க.”

மைதிலி தட்டினாள். எழுத்துப் பிழை ஏதும் இருக்கிறதா என்று ஒருமுறை படித்துப் பார்த்துவிட்டு, அச்செடுத்து, கையெழுத்துக்காக அவனிடம் நீட்டினாள்.