எதெல்காவின் ஏழு பலகைகள்

எதெல்கா வத்னாய் வரைந்ததில் இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிஞ்சியது ஏழே ஏழு படங்கள். போருக்கு முன்பு, ஒட்டுப்பலகையில், வச்சிரப்பசை கலந்த வண்ணத்தில் தீட்டியவை. எல்லாம் வட்டமும் கோடும்தான். ஆளும் கிடையாது, மரமும் கிடையாது. "உழைக்கும் மக்களுக்குப் புரியாது" என்று போருக்குப் பின் வந்த கம்யூனிஸ்ட் அரசின் கண்காட்சித் தேர்வுக்குழு திருப்பி அனுப்பியது. உழைக்கும் மக்களை யார் கேட்டார்கள்? அதோடு கண்காட்சி என்ற பேச்சே போயிற்று. பொம்மைக் கூட்டுறவுச் சங்கத்தில் மரக்கோழிகளுக்குக் கண் வைக்கும் வேலை கிடைத்தது. நாளுக்கு அறுநூறு கண்.

புடாபெஸ்டில் அவள் இருந்த வீட்டில் பாதியை போரிஷ்கா குடும்பத்துக்கு அரசு ஒதுக்கியிருந்தது. சமையலறை பொது, சண்டையும் பொது.

ஐம்பத்தாறு நவம்பரில் மக்கள் கிளர்ச்சியை அடக்க வந்த சோவியத் டாங்கிகள் சுட்டதில் தெருவில் ஒரு ஜன்னல் கண்ணாடி மிஞ்சவில்லை. குளிரில் போரிஷ்காவின் கைக்குழந்தை இபோயா இருமி இருமி நீலம் பாரித்தாள். அடைக்க ஊரில் பலகை இல்லை. எதெல்காவின் கட்டிலடியில் இருந்தது.

"அக்கா, வாயத் தெறந்து கேக்கறேன். அந்தப் பலகையெல்லாம் குடுங்க."

எதெல்காவுக்கு அவள்மேல் பற்றிக்கொண்டு வந்தது. கேட்காமல் திருடியிருந்தாலாவது வாயாரச் சபித்திருக்கலாம்.

"எடுத்துக்கோ. படம் உள்பக்கமா இருக்கட்டும். நனைஞ்சா போயிடும்."

"ஐயோ, அதப் பாத்தாலே புள்ள வீறிட்டு அழுவுதுக்கா!"

எதெல்காவே சுத்தியலைப் பிடுங்கி, வண்ணம் தெருவைப் பார்க்க அடித்தாள். அதுதான் அவளுக்கு வாய்த்த ஒரே கண்காட்சி. ரொட்டி வரிசையில் நின்றவர்கள் அண்ணாந்து பார்த்தார்கள். புரியவில்லை என்று ஒருவர்கூடச் சொல்லவில்லை.

ஏப்ரலில் கண்ணாடி வந்தது. கழற்றிப் பார்த்தால் வெறும் மரம். எதெல்கா அன்று முழுக்க அழுதாள்.

"மழையில நல்லாக் கழுவிப் போச்சுக்கா. ஒண்ணு மாவு தேய்க்க ஆகும்" என்றாள் போரிஷ்கா. மற்ற ஆறும் அடுப்புக்குப் போயின.

இருபது வருஷம் கழித்து அரசுக்கு மனம் மாறியது. அருங்காட்சியகத்திலிருந்து ஓர் அம்மாள் வந்தாள். போருக்கு முந்தைய படங்கள் வேண்டுமாம்.

"ஒண்ணுகூடவா மிஞ்சலைங்க?"

சமையலறையில் இபோயா அந்தப் பலகையில் மாவைப் பரத்தி நூடுல்ஸ் வெட்டிக்கொண்டிருந்தாள். தலையை நீட்டிச் சிரித்தாள். "அந்தக் கிறுக்கலுக்கா இவ்ளோ தூரம் வந்தீங்க?"

எதெல்கா அவளைக் கைகாட்டினாள்.

"ஏழும் சேந்து இவதான். பாத்துக்கோங்க, சுமாராத்தான் வந்திருக்கு."