கொடிக்கால் வாசல்

சோழவந்தானில் எங்களுக்கு வெற்றிலைக் கொடிக்கால் இருக்கிறது. செருப்போடு யாரும் உள்ளே போவதில்லை. வாசலிலேயே கழற்றிவிடுவோம். சாமி இருக்கிற இடம் என்பார்கள்.

எனக்கு ரத்தத்தில் புற்றுநோய். அதிகம் பேருக்கு வராத வகை. மண்ணீரல் வீங்கி, இடது விலாவுக்குக் கீழே கல்லைக் கட்டியதுபோல் கிடந்தது. மதுரை ஆஸ்பத்திரியில் டாக்டரம்மா இரண்டு மாத்திரைகளைக் காட்டினார்.

"தனித்தனியா கொடுத்துப் பாத்தாச்சுய்யா. சேத்துக் கொடுத்தா இன்னும் நல்லாக் கேக்குதான்னு இப்பத்தான் பாக்குறோம். கேக்கும்னு சத்தியம் பண்ண மாட்டேன். இஷ்டம்னா இந்த ஆராய்ச்சியில சேருங்க."

சேர்ந்தேன். ஒரு நோட்டுக் கொடுத்தார்கள். காலையும் மாலையும் மாத்திரை விழுங்கியதும் கட்டத்தில் குறி போட வேண்டும். உடம்புக்கு என்ன வந்தாலும் எழுத வேண்டும். வெள்ளையணு குறையும், சின்னப் புண்ணும் ஆபத்து, வெறுங்காலோடு மண்ணை மிதிக்காதீர்கள் என்றார்கள்.

மூன்று மாதம் கொடிக்கால் பக்கமே போகவில்லை. வீக்கம் கொஞ்சம் வற்றியது. சோறு இறங்கியது. ஒருநாள் காலையில் வீட்டுக்காரி வெற்றிலை கிள்ளப் போனாள். பின்னாலேயே போனேன். வாசலில் கால் தானாகச் செருப்பை உதறியது. ஈர மண். ஒரு வரிசை முழுக்க நடந்தேன். காய்ந்த அகத்திக் குச்சி ஒன்று பாதத்தில் ஏறிவிட்டது.

மூன்றாம் நாள் காய்ச்சல்.

"வெறுங்காலோட போனதை நோட்டுல எழுதாதீக. பேரை அடிச்சிருவாக" என்றாள்.

எழுதினேன். அதை எழுதாவிட்டால், மாத்திரையால்தான் காய்ச்சல் வந்தது என்று நினைத்துவிடுவார்கள்.

டாக்டரம்மா படித்துப் பார்த்தார்.

"செருப்பு எங்கய்யா போச்சு?"

"கொடிக்காலுக்குள்ள போட மாட்டோம்மா."

"அப்ப உள்ள போகாதீங்க."

பேரை அடிக்கவில்லை. புண் ஆறும்வரை மாத்திரையை நிறுத்தி, பிறகு மறுபடி கொடுத்தார்.

இப்போது தினமும் செருப்போடு வாசல்வரை போகிறேன்.

"பொண்ணு பாக்க வந்த மாப்ள கணக்கா நிக்கிறதைப் பாரு" என்பாள் உள்ளே இருந்து.

"கிழக்கு வரிசை எப்படியிருக்கு?"

"நீங்க மிதிக்காம நல்லாத்தான் இருக்கு."

நான் கிளம்பும்போது ஒரு வெற்றிலையைக் கையில் தருவாள். காம்பில் ஈரம் இருக்கும். மோந்துகொண்டே வீட்டுக்கு வருவேன்.

அடுத்த வாரம் ரத்தம் எடுக்கிறார்கள். வெள்ளையணு ஏறியிருந்தால் டாக்டரம்மாவிடம் கேட்க வேண்டும். ஒரே ஒரு வரிசை.